பிள்ளைக்குக் கூனிங்கா? சன்னலோரம் வைத்துப் பாருங்கள்

கூனிங் என்று நாம் சொல்வது பிறந்த பிள்ளைக்கு வரும் மஞ்சள்காமாலை. என் மூத்தவன் பிறந்து மூன்றாம் நாள். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் எங்கள் எல்லாருக்கும் ஒரே நிறம், பிள்ளையின் மஞ்சள் யார் கண்ணுக்கும் படவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்த மிஸ்ஸி (தாதி) அவனைச் சன்னலுக்குத் தூக்கிப்போய் மூக்கை அழுத்திப் பார்த்தார். அன்றே மருத்துவமனை, மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே இதைப் படித்துக்கொள்ளுங்கள். பெற்றபின் படிக்கத் தூக்கம் விடாது.

1. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) சோதனை முடிவைப் பாருங்கள். மலேசியாவில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்து மஞ்சள் வேகமாக ஏறும்.

2. பகலில், விளக்கை அணைத்துவிட்டு, சன்னலோரம் படுக்க வையுங்கள். மஞ்சள் துணி, மஞ்சள் திரை கிட்டே வேண்டாம். நெற்றியையோ மூக்கையோ விரலால் அழுத்தி எடுத்ததும் அந்த இடம் என்ன நிறத்தில் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு நெஞ்சு, வயிறு, கால். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். நம் பிள்ளைகள் கறுப்பு, மாநிறம். தோலை மட்டும் நம்பாதீர்கள். கண்ணின் வெள்ளை, ஈறு இரண்டையும் பாருங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். அளவைக் கண்ணால் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மஞ்சள் தெரிந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

3. பால். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. மஞ்சள் ஏறிய பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும். "சமத்து" என்று விட்டுவிடாதீர்கள். துணியைத் தளர்த்தி, பாதத்தைத் தேய்த்து எழுப்பிக் கொடுங்கள். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும், பால் குறைந்தால் அதுவும் தங்கிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் குறைந்தது 6 ஈரப் பேம்பர்ஸ் வேண்டும். ஃபோன் செயலியைவிடப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளும் பென்சிலுமே எனக்குப் பிடிக்கும்: மாமியார், கணவர், யார் மாற்றினாலும் கோடு போடலாம்.

சர்க்கரைத் தண்ணீர், குளுகோஸ் வேண்டாம். வயிறு நிறைந்து பாலைத்தான் குறைக்கும்.

4. வெயிலில் காட்டாதீர்கள். என் அம்மாயி வெயிலில் காட்டச் சொன்னபோது அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆறு பிள்ளை வளர்த்தவர். ஆனாலும் காலை வெயில் மருத்துவமனை விளக்குக்கு ஈடாகாது. நேரம் போகும், பிள்ளை சுடும், உடலில் நீரும் வற்றும்.

காத்திருக்கக் கூடாதவை: பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், பால் குடிக்க மறுப்பது, எழுப்ப முடியாத தூக்கம், கீச்சென்ற அழுகை, உடல் வில்லாக வளைவது. அளவுக்கு மிஞ்சிய பிலிருபின் மூளையைப் பாதிக்கும். நேரே அவசரப் பிரிவு.

பின்சேர்க்கை: ஒரு தங்கை கேட்டிருந்தார், அக்காள் பிள்ளையின் பழைய துணிகள் அந்துருண்டை போட்ட அலமாரியில் இருந்தனவாம், உடுத்தலாமா என்று. வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன் ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆபத்து. வீட்டில் இருக்கும் உருண்டைகள் எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள்.

மஞ்சள் நீடிப்பதைப் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போனால், அது கல்லீரல், பித்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பேம்பர்ஸையே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.