செவலையின் காலில் கட்டு இருந்த இருபது நாட்கள்

எங்கள் செவலை நாட்டு நாய், ஆறு வயது. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் தெருமுனை வாய்க்காலில் இறங்கியவள், மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தாள். திண்ணையில் இருந்து அடுக்களை வரைக்கும் ரத்தத் தடம். வலது முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தால், பாதத்தின் பெரிய மெத்தையைக் கண்ணாடிச் சில்லு குறுக்கே கிழித்திருந்தது.

முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். சுத்தமான பருத்தித் துணியை நாலாக மடித்து வைத்து, பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் துணியோடு வந்துவிடும். நான் இரண்டு தடவை அப்படி எடுத்துப் பார்த்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. வலியில் இருக்கிற நாய், வளர்த்தவர் கையையும் கடிக்கும். ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துப் பேசிக்கொண்டே இருக்கட்டும். சில்லு மேலோட்டமாகத் தெரிந்தால் இடுக்கியால் எடுக்கலாம். ஆழமாகக் குத்தியிருந்தால் தொடாதீர்கள்.

எதிர்வீட்டு ஆச்சி கை நிறையக் காபித்தூளோடு ஓடி வந்தார்கள். பிரியத்தில் வந்தவர்கள்தான், ஆனால் நான் போடவிடவில்லை. காபித்தூளோ மஞ்சளோ சுண்ணாம்போ வெட்டுக்குள் போனால் மருத்துவர் முதலில் அதைத்தான் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரியே விற்கும் நார்மல் சலைன் என்கிற உப்புநீரை வாங்கி ஊற்றிக் கழுவுங்கள், போதும். அது கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி தூள் உப்பு. டெட்டாலும், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். புதிதாக வளர வேண்டிய சதையை அவை எரித்துவிடும்.

மெத்தை கிழிந்து வாய் பிளந்திருந்தாலோ, கால் மணி நேரத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ, கால் ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்து ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். நாலு தையல். அங்கே டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தால்தான் மற்றதெல்லாம் எனக்கு விளங்கியது. "மற்ற இடத்துக் காயத்தைக் கட்டுப் போடாமல் விட்டுவிடலாம்மா. பாதத்தில் உடம்பு எடை முழுக்க இறங்குது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மெத்தை விரியும், விரிந்தால் தையல் இழுபடும்." ஆகவே பாதத்துத் தையல் மற்ற இடங்களைவிட அதிக நாள் இருக்கும். எங்களுக்குப் பதினைந்தாம் நாள்தான் பிரித்தார்கள்.

இனி கட்டு. நான் முப்பது வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். துணியை இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கம் வராது என்பது என் கைக்கு ஊறிப்போன பழக்கம். அதே கையால் செவலைக்குக் கட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் நடுவில் உள்ள இரண்டு விரல்களின் நகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன, விரல் ஜில்லென்று இருக்கிறது. உடனே வெட்டி எடுத்தேன். அரை மணி நேரத்தில் சூடு திரும்பியது. இன்னும் ஒரு பகல் விட்டிருந்தால் விரலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

ஆகவே கட்டும்போது நடுவிரல் நகங்கள் இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். காலையும் மாலையும் பாருங்கள். நகங்கள் நெருங்கி, ஒரே திசையில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் உள்ளே வீக்கம், கட்டு இறுக்கம் என்று அர்த்தம்.

கட்டுகிற முறை இது. நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும், அதனால் முதலில் விரலுக்கு விரல் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு வையுங்கள். மெத்தைக்கு மேலே உள்ள தனிநகத்துக்கு அடியிலும் வையுங்கள், இல்லாவிட்டால் அது சதையில் அழுந்திப் புண்ணாகும். டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவி, காயத்தில் ஒட்டாத காஸ் என்கிற மெல்லிய வலைத்துணி ஒரு துண்டு. அதன் மேல் பஞ்சுச் சுருள். அப்புறம் காஸ் சுருளை விரல் பக்கம் ஆரம்பித்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டு மூட்டைத் தாண்டி மேலே போனால்தான் கழன்று விழாது. கடைசியாகத் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கட்டு. இதில்தான் கவனம் வேண்டும். சுருளில் இருந்து இழுத்து, தளர்ந்து சுருங்கவிட்டு, அப்புறம் சுற்ற வேண்டும். கட்டின் மேல் விளிம்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

தினம் ஒரு தடவையோ, டாக்டர் சொன்ன கணக்கிலோ மாற்றுங்கள். நனைந்தால் நேரம் காலம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். ஈரக்கட்டுக்குள் தோல் வெளுத்து ஊறிப்போகும், நாற்றம் வரும். வெளியே சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போகும்போது காலியான சலைன் பையை வெட்டிக் காலுறை மாதிரி மாட்டினேன். உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் வியர்வையே நனைத்துவிடும்.

"நாய் நக்கியே ஆத்திரும்" என்று நம் பக்கம் சொல்வார்கள். நக்கினால் தையல்தான் பிரியும், வாயில் உள்ள கிருமி உள்ளே போகும். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டத்தான் வேண்டும். அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நாலு விரல் நீண்டிருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் காலை எட்டிவிடும். செவலைக்குப் பிளாஸ்டிக் விளிம்பு கழுத்தில் உரசிச் சிவந்தது. நைட்டிக் கழுத்துக்கு வைக்கிற பைப்பிங் துணியை விளிம்பு முழுக்கத் தைத்துவிட்டேன், அன்று ராத்திரியே நிம்மதியாகத் தூங்கினாள். சோற்றுத் தட்டைக் கவிழ்த்த சட்டியின் மேல் தூக்கி வைத்தால் கூம்போடேயே சாப்பிடும்.

ஈயை லேசாக நினைக்காதீர்கள். நம் ஊரில் நாய்ப் புண் ஈயாலும் கெடும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. ஆகவே அந்த நாட்களில் நாய் வீட்டுக்குள், மின்விசிறிக் காற்றில் படுக்கட்டும். புழுவைக் கண்டால் டர்பன்டைன் ஊற்ற வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாரசிட்டமால் எல்லாம் நாயின் குடலையோ சிறுநீரகத்தையோ ஈரலையோ கெடுக்கக்கூடியவை. டாக்டர் எழுதிய மருந்தை எழுதிய நாள் வரைக்கும் கொடுங்கள். கால் ஊன்ற ஆரம்பித்ததும் நாமாக நிறுத்தக் கூடாது. உடம்பு சுடுகிறதே என்றும் பயப்பட வேண்டாம், நாய்க்கு இயல்பான சூடே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பயப்பட வேண்டியது கட்டில் இருந்து கெட்ட நாற்றம் வந்தால், சீழ் கசிந்தால், கட்டுக்கு மேலே கால் வீங்கினால், சோறு வேண்டாம் என்று திரும்பிப் படுத்தால். சும்மா இருந்த நாய் திடீரென்று கட்டைக் கடித்துக் குதறினாலும் உள்ளே ஏதோ சரியில்லை, பிரித்துப் பாருங்கள்.

ஓடாமல் வைத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, குட்டைக் கயிற்றில் கட்டி வைத்தேன். வெறும் டைல்ஸ் தரையில் கட்டுப்போட்ட கால் வழுக்கும், வழுக்கினால் தையல் போச்சு. பால்காரர் மணிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். "ஏட்டி, படு" என்றால் முனகிக்கொண்டே படுப்பாள். எலும்பு தருவதை நிறுத்தி, மத்தியானத்துக்கு வேகவைத்த முட்டை ஒன்று கொடுத்தேன், அது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

தையல் பிரித்த பிறகும் ஐந்து நாள் மெல்லிய கட்டு இருந்தது. இருபதாம் நாள் எடுத்தபோது காயம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, தொட்டால் பட்டுத்துணி மாதிரி. அந்தப் புதுத்தோலில் எண்ணெய் தடவி ஊறவைக்காதீர்கள், கெட்டிப்பட வேண்டிய இடம் அது. வெயில் ஏறிய தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். முதல் வாரம் நான் செவலையை விடிகாலையில் கோயில் பின்னால் உள்ள மணலில் மட்டும் பத்து நிமிடம் நடக்கவிட்டேன். நாலாவது நாள் வலது கால் தடமும் மற்ற மூன்றைப் போலவே ஆழமாகப் பதிந்திருந்தது.