பழைய மரப்படிக்கட்டையும் கைப்பிடிக் கிராதியையும் சீர்செய்ய ஆள் அமர்த்துவது எப்படி?

பழைய தேக்குப் படிக்கட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டு மாடிப்படியைச் சீர்செய்தபோது கடைப்பிடித்த முறையை, இந்த வேலையில் முதன்முறையாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

1. பழுதை நீங்களே பாருங்கள்

யாரையும் அழைப்பதற்கு முன், டார்ச் விளக்கோடு படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுவரோரம் மண்கோடு தெரிந்தால் அது கரையான். ஊசித்துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது மரவண்டு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்கும்போது மரம் உள்வாங்கினால், மருந்தடித்து அந்தப் பகுதியை மாற்றிய பிறகுதான் பாலிஷைப் பற்றிப் பேச வேண்டும். கட்டி முடித்த கட்டடங்களுக்கான கரையான் தடுப்பு முறையை ஐ.எஸ். 6313 தரநிலையின் மூன்றாம் பகுதி விளக்குகிறது. மருந்தடிப்பவர் அதன்படி செய்கிறாரா என்று கேளுங்கள்.

கைப்பிடி ஆடினால், அதை அசைத்துக்கொண்டே இருக்காமல், கீழே உள்ள முதல் தூணின் அடியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். தூண் நிலையாக இருந்து, கைப்பிடியைத் தாங்கும் கடைசல் கால்கள் மட்டும் ஆடினால், அவற்றின் கழுந்துகள் (துளைக்குள் செருகும் முனைகள்) சுருங்கித் துளையில் தளர்ந்திருக்கின்றன என்று பொருள்.

2. ஆசாரி வேறு, பாலிஷ்காரர் வேறு

மூட்டு வேலை தெரிந்தவரும் பூச்சு வேலை தெரிந்தவரும் ஒரே ஆளாக அமைவது அரிது. இரண்டையும் ஒருவரே ஒப்புக்கொண்டால், அவர் முன்பு சீர்செய்த படிக்கட்டு ஒன்றை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புதிதாகச் செய்த கதவுகளின் புகைப்படங்கள் இதற்கு உதவாது. பழைய மரத்தைத் தொடும் கை வேறு.

ஆசாரியிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: தளர்ந்த காலை எப்படி இறுக்குவீர்கள்? பழைய பசையைச் சுரண்டி எடுத்து, கழுந்துக்கு மெல்லிய மரச்சீவல் ஒட்டியோ ஆப்பு வைத்தோ இறுக்குவேன் என்பவர் வேலை தெரிந்தவர். பக்கவாட்டில் ஆணி அடித்துவிடலாம் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். காய்ந்த பழைய தேக்கு ஆணியில் பிளந்துவிடும். மிதிக்கும்போது கிறீச்சிடும் பலகைக்கும் இதுவே பொருந்தும்: அடிப்பக்கத்திலிருந்து ஆப்பும் பசையும் வைத்து, தேவையானால் திருகாணி கொண்டு முடுக்க வேண்டும்.

3. பழைய பூச்சு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். "பழைய பாலிஷ் மேலேயே ரெண்டு கோட் இழுத்துடலாம் சார், பளபளன்னு வந்துடும்" என்று பலர் சொல்வார்கள். பழைய பூச்சு அரக்கு பாலிஷாக இருந்து, அதன்மேல் பி.யு. (பாலியூரிதேன்) பூசப்பட்டால், அரக்கில் உள்ள மெழுகு பிடிப்பைக் கெடுத்து, நாளடைவில் மேற்பூச்சு செதில் செதிலாக உரியக்கூடும்.

கண்ணில் படாத ஓர் இடத்தை முதலில் டர்பன்டைன் துணியால் துடைத்து, மேலே படிந்த மெழுகையும் அழுக்கையும் நீக்குங்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் அங்கே வைத்திருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் அது லேக்கர். தின்னர் பட்டுச் சுருங்கி எழும்பினால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ். எதற்கும் அசையாதது மெலமைன் என்ற கடினப் பூச்சாகவோ பி.யு.வாகவோ இருக்கும். இந்தச் சோதனையை பாலிஷ்காரரின் முன்னிலையில் செய்யுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் வழியிலிருந்தே அவருடைய தேர்ச்சியை அறிந்துகொள்ளலாம்.

என் விருப்பம் இதுதான்: மிதிபலகைகளில் பழைய பூச்சை முழுவதும் நீக்கிவிட்டு மேட் (பளபளப்பில்லாத) பி.யு.; கடைசல் கால்களில் அரக்கு பாலிஷ் நன்றாக இருந்தால் அதையே சுத்தம் செய்து மெருகேற்றுவது. மிதிபலகையில் பளபளப்பு வேண்டவே வேண்டாம். வயதானவர்களும் குழந்தைகளும் வழுக்கி விழுவார்கள்.

பூச்சை நீக்கக் காஸ்டிக் சோடா பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். தேக்கு கறுத்துவிடும், மூட்டுகளில் பசையும் விட்டுப்போகும். வட்டத்தகடு பொருத்திய மெஷினும் வேண்டாம். அதன் சுழல் கீறல்கள் ஸ்டெயின் (நிறச்சாயம்) ஏறியதும் பளிச்சென்று தெரியும். மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளை 80, 120, 220 என்ற எண் வரிசையில், மர ரேகையின் போக்கிலேயே தேய்ப்பவரே என் தேர்வு.

4. மாதிரி, பிறகு விலை

உங்கள் படியிலேயே ஒரு பலகையையும் ஒரு காலையும் முழுமையாக முடித்துக் காட்டச் சொல்லி, அதற்குத் தனிக்கூலி கொடுங்கள். அந்த நிறத்தைப் பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மொத்த வேலைக்கு விலை பேசுங்கள்.

அளவை நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 3 அடி அகலமும் 10 அங்குல ஆழமும் கொண்ட மிதிபலகைக்கு 7 அங்குல எதிர்ப்பலகையையும் (இரு படிகளுக்கு இடையே நிற்கும் பலகை) சேர்த்தால், ஒரு படிக்கு 4.25 சதுர அடி; 16 படிகளுக்கு 68 சதுர அடி. கைப்பிடியை நீள அடியிலும் கால்களை எண்ணிக்கையிலும் பேசுவது நல்லது. கிராதியைச் சதுர அடியில் பேசினால், காலின் எத்தனை பக்கம் கணக்கு என்பதில் முடிவில்லாத தகராறு வரும்.

தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டியவை: பொருள் யார் வாங்குவது, எந்த பிராண்ட், எத்தனை கோட், மாற்ற வேண்டிய பலகைகள் எவை. பணத்தை முன்பணம், மரவேலை முடிந்தபின், பூச்சு இறுகியபின் என மூன்றாகப் பிரியுங்கள். பி.யு. மேல் ஒரு நாளில் நடக்கலாம் என்றாலும், முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

5. வேலை நடக்கும்போது

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைக்காதீர்கள். ஈரக்காற்றில் லேக்கரும் மெலமைனும் வெண்புகை படர்ந்தாற்போல் வெளுத்துவிடும். தை முடிந்து வெயில் ஏறும் காலமே ஏற்றது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே கடைசித் தேய்ப்புக்குப் பின் தின்னரால் துடைத்துவிட்டு, அன்றே முதல் கோட் பூசச் சொல்லுங்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளை மூலையில் குவித்துவைக்க விடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போட வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

மாடியில் குடியிருப்போர் படியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசச் சொல்லுங்கள். முதல் தொகுதி காய்ந்த பிறகு மற்றவை.

கிராதிக்குப் பழைய எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் என்ன செய்வது என்பது மற்றொருவரின் கேள்வி. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் தங்கவைத்து, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.