ரிவ்யூ மீட்டிங்குக்கு ஸ்லைடு தயாரிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

"திங்கட்கிழமை ரிவ்யூ இருக்கு, நீங்களே பிரசன்ட் பண்ணிடுங்க" என்று வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர் சொல்லிவிட்டுப் போவார். உடனே போன மாதத்து பவர்பாயின்ட் கோப்பைத் திறந்து தேதியை மாற்ற ஆரம்பிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை 23 ஸ்லைடு கொண்டுபோனேன். நாலாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜி.எம். கையைக் காட்டி நிறுத்தி, "சரிப்பா, இப்ப என்கிட்ட என்ன வேணும்?" என்றார். அதற்கான பதில் 19வது ஸ்லைடில் இருந்தது.

படி 1: கணினியைத் திறக்காதீர்கள்

ஒரு தாளை எடுங்கள். மீட்டிங் முடிந்து எல்லோரும் எழும்போது யார், எதற்குச் சரி சொல்லியிருக்க வேண்டும்? அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "காஸ்டிங்குக்கு (வார்ப்பு பாகங்களுக்கு) இரண்டாவது சப்ளையரைச் சேர்க்க பர்ச்சேஸ் மேனேஜர் இந்த மாதமே ஒப்புக்கொள்ள வேண்டும்." இவ்வளவுதான். இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் ஸ்லைடே வேண்டாம், ஒரு மெயில் போதும்.

அதன் கீழே, எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கப்போகிற கேள்விகளை எழுதுங்கள். எத்தனை ஆர்டர் தாமதம்? காஸ்டிங்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? புது ஆள் என்ன விலை சொல்கிறார்? தரம் சரியில்லாமல் போனால்? கேள்விக்கு ஒரு ஸ்லைடு. முதலில் உங்கள் கோரிக்கைக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. "நன்றி" ஸ்லைடு கணக்கில் இல்லை, அது தேவையும் இல்லை.

படி 2: தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள்

நான் பார்க்கிற ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் தடுக்கி விழுவது இங்கேதான். "டெஸ்பாட்ச் நிலவரம்" என்று தலைப்புப் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "செப்டம்பரில் 40 ஆர்டரில் 11 தாமதம், அதில் 8 காஸ்டிங் வராததால்" என்று எழுதிப் பாருங்கள். கீழே இருப்பதை ஒருவர் படிக்காவிட்டாலும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

இது அழகுக்காகச் சொல்வதில்லை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே அதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்கிற தொனியில் இருந்தது. சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதிய துண்டுக்கான கணக்கு 1920 கன அங்குலம் என்ற தகவல் அதே ஸ்லைடின் அடியில், பொடி எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்கு ஸ்லைடு காரணமில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையே எடுத்துப்போட்டு, முக்கியமான விஷயம் எப்படிப் புதைந்துபோனது என்று காட்டியிருந்தது.

படி 3: அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள்

எக்செலிலிருந்து 12 வரிசை, 9 பத்தி கொண்ட அட்டவணையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டிவிட்டு, "இது உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன்" என்று நாமே சொல்வோம். தெரியாது என்று தெரிந்தும் ஏன் ஒட்டுகிறோமோ!

நம் உதாரணத்துக்கு மூன்றே எண்கள் போதும்: காஸ்டிங் 8, வைண்டிங் (மோட்டார் கம்பிச்சுற்று) 2, லாரி 1. 'இன்செர்ட்' போய் 'சார்ட்', அதில் 'பார்' எடுங்கள். படுக்கைக் கோடுகளாக இருக்கும் வகைதான் நமக்கு வசதி. நிற்கும் கோடுகள் என்றால் நீளமான தமிழ்ச் சொற்கள் கீழே சாய்ந்து நிற்கும், கழுத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும்.

வரைந்ததும் வரிசை தலைகீழாக வரும். காஸ்டிங் அடியில் போயிருக்கும். பயப்படாதீர்கள். பெயர்கள் இருக்கும் அச்சில் வலது க்ளிக் செய்து, 'ஃபார்மட் ஆக்சிஸ்' திறந்து, 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்தால் நேராகிவிடும். பின்னணிக் கோடுகளையும் லெஜண்டையும் (எந்த நிறம் எதற்கு என்று காட்டும் குறிப்பு) தொட்டு டெலீட் அழுத்துங்கள். பட்டைமேல் வலது க்ளிக் செய்து 'ஆட் டேட்டா லேபிள்ஸ்' கொடுத்தால் எண்கள் வந்துவிடும். காஸ்டிங் பட்டையை ஒருமுறை தொட்டால் எல்லாமே தேர்வாகும். இன்னொரு முறை தொட்டால் அது மட்டும். அதற்கு அடர் நிறம், மற்றதெல்லாம் சாம்பல்.

படி 4: எழுத்துரு

24 பாயின்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். இடம் போதவில்லை என்றால் வார்த்தையைக் குறையுங்கள்.

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை மீட்டிங் ஹால் கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக்கிடக்கும். யூனிகோடிலேயே அடியுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. எதற்கும் ஒரு பிடிஎஃப் பிரதியும் பென்டிரைவில் இருக்கட்டும்.

படி 5: அன்றைக்கு

பத்து நிமிடம் முன்னால் போய் கேபிளைச் செருகிப் பாருங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு, "வரும்போது அரை கிலோ கத்திரிக்காய்" என்று வீட்டிலிருந்து வந்த மெசேஜ் வருமான வரைபடத்தின்மேல் பளிச்சென்று வந்து நின்றது. அந்த மாதம் அவர் சொன்ன எண் எதுவும் எனக்கு நினைவில்லை.

எஃப்5 அழுத்தினால் முதலிலிருந்து ஓடும். ஷிஃப்ட்டோடு எஃப்5 என்றால் இருக்கிற ஸ்லைடிலிருந்து. யாராவது "அந்த விலை ஸ்லைடைக் காட்டுங்க" என்றால் ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டாம். நம் உதாரணத்தில் அது நாலாவது ஸ்லைடு, 4 அடித்து எண்டர் தட்டினால் நேராக அங்கே போகும். பேச்சு சூடுபிடித்து எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் 'பி' (B) எழுத்தை அழுத்துங்கள். திரை கருப்பாகி, எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். மறுபடி அதையே அழுத்தினால் ஸ்லைடு வந்துவிடும்.

ஸ்லைடைப் பார்த்துப் படிக்காதீர்கள், அவர்களுக்கும் படிக்கத் தெரியும். கோரிக்கை ஸ்லைடைக் காட்டி, கேட்க வேண்டியவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருங்கள். சரி என்று சொன்னதும் அங்கேயே தேதியைக் கேட்டு, அந்த ஸ்லைடிலேயே அடித்துச் சேமித்து, இடத்துக்குத் திரும்பியதும் பிடிஎஃப்பாக எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.