ஓமிவா கோயிலுக்கு மொத தடவை போறீங்களா? இப்படிப் போங்க

ஜப்பான்ல நாரா பக்கத்துல சகுராய்னு ஒரு ஊரு, அங்க இருக்கிற ஓமிவா ஷிண்டோ (ஜப்பானோட பழைய மதம்) கோயிலுக்குப் போனா உள்ள சாமி எங்கன்னு தேடாதீங்க. கருவறையே கிடையாது. பின்னாடி நிக்குதே 467 மீட்டர் மிவா மலை, அதான் சாமி.

1. நாரா ஸ்டேஷன்ல ஜேஆர் சகுராய் லைன் ரயிலப் பிடிச்சு மிவால இறங்குங்க, அங்கேர்ந்து அஞ்சு நிமிஷ நடை. வண்டி அடிக்கடி கிடையாது, அதனால காலைலயே கிளம்பிடுங்க (ஏன்னு கடைசில சொல்றேன்).

2. தோரிங்கிற கோயில் நுழைவாயில்ல நின்னு லேசா தலை குனிஞ்சுட்டு ஓரமா நடங்க, நடுப்பாதை சாமிக்கு.

3. கை கழுவுற இடம் வரும், புதுசா போறவங்க முழிக்கிறது இங்கதான். அகப்பைய வலது கைல பிடிச்சு ஒரே மொண்டுல எல்லாத்தையும் முடிக்கணும்: மொதல்ல இடது கை, கை மாத்தி வலது கை, திரும்ப மாத்தி இடது உள்ளங்கைல கொஞ்சம் ஊத்தி வாய் கொப்பளிச்சு ஓரமா துப்பிட்டு, அந்தக் கைய இன்னொரு தடவை கழுவி, மிச்சத் தண்ணி கைப்பிடி வழியா வழியுற மாதிரி அகப்பைய நிமிர்த்திட்டு வச்சிடுங்க. அகப்பைல வாய் வைக்காதீங்க ப்ளீஸ்.

4. வழிபாட்டு மண்டபம் 1664ல நாலாவது தோக்குகாவா ஷோகன் (அப்போ ஜப்பான ஆண்ட ராணுவத் தலைவர்) இயெட்சுனா கட்டிக் கொடுத்தது. காசு போட்டு ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, வேண்டிக்கிட்டு, கடைசில ஒரு தடவை குனியணும். நீங்க கும்பிடுறது மண்டபத்த இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கிற மலைய.

5. பக்கத்துலயே ஒரு பெரிய சுகி மரம் (ஜப்பான் தேவதாரு), அதுல வெள்ளைப் பாம்பு குடியிருக்குன்னு நம்பிக்கை, முன்னாடி பாத்தா முட்டையும் சாகே (அரிசி மது) பாட்டிலுமா வச்சிருப்பாங்க. புத்துக்கு முட்டை வைக்கிறவங்களுக்கு நான் விளக்கவே வேணாம்.

6. மலை ஏறணும்னா அதே வளாகத்துல இருக்கிற சாய்ங்கிற சின்ன ஷிண்டோ கோயில்ல பேர் எழுதி 300 யென் கட்டுனா மணி வச்ச வெள்ளைப் பட்டை தருவாங்க, கழுத்துல போட்டுக்கங்க. மேல போட்டோ கூடாது, சாப்பாடு கூடாது, தண்ணி மட்டும் ஓகே. சிலர் வெறுங்கால்லயே ஏறுறாங்க. ஏறி இறங்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், மத்தியானம் 12 மணிக்கு மேல விட மாட்டாங்க. நான் அங்கத்த ஃபேமஸ் சோமென் நூடுல்ஸ நிதானமா சாப்ட்டுட்டு பன்னெண்டரைக்குப் போய் அசடு வழிஞ்சு நின்னேன். சோமென் எங்கயும் ஓடாது, இறங்கி வந்து சாப்பிடுங்க.