இலங்கை அரசியலைப் படிக்க எங்கே தொடங்குவது?

இலங்கையைப் புரிந்துகொள்ள என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், தொடங்க நினைக்கிறார்கள். மீதிப் பேர் சிங்களரின் முதல் அரசன் என்று சொல்லப்படும் விஜயன் வந்திறங்கிய கதைக்கே போய்விடுகிறார்கள். இரண்டும் வேண்டாம், 1957ஐப் பிடியுங்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும், தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தருவதாக, ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. நடுவில் ஒப்பந்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிப் பிரமுகர் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் கண்டி யாத்திரை, வாகன எண் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்கு எதிரான தமிழர் போராட்டம், ஒப்பந்தத்தைக் கைவிடச் சொல்லிப் பிரதமர் வீட்டு வாசலில் பிக்குகள். இந்தச் சில மாதங்களை மட்டும் கே.எம். டி சில்வாவின் இலங்கை வரலாற்றிலும், ஏ. ஜெயரத்தினம் வில்சன் எழுதிய செல்வநாயகம் வாழ்க்கை வரலாற்றிலும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டும் ஆங்கில நூல்கள். எதை யார் முதலில் வைக்கிறார், எதற்கு ஒரு பக்கம், எதற்கு ஒரே வரி என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள் (நூலகப் புத்தகமென்றால் தனித்தாளில்!). வில்சன் செல்வநாயகத்தின் மருமகன். வீட்டுக்குள்ளிருந்த செய்தியெல்லாம் கிடைக்கும். எழுதுவது மாமனாரைப் பற்றி என்பதும் நினைவிருக்கட்டும். டி சில்வாவின் முதல் பதிப்பு 1981இல் வந்தது. கையில் இருப்பது அதுவென்றால், அதை எழுதியபோது 83 இன்னும் நடக்கவில்லை.

எந்த நூலையும் வாங்குமுன் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவில் மலையகத் தமிழரை, அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களை, தேடுவேன். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இதற்கெல்லாம் சேர்த்து இரண்டே வரி ஒதுக்கும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

சரி, எண்பதுகளுக்கு 'முறிந்த பனை'. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதியது, தமிழிலேயே கிடைக்கிறது. அரசு, 1987இல் அமைதிப் படையாக வந்த இந்தியப் படை, தமிழ் ஆயுத இயக்கங்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதைக் கடைசியாக எடுங்கள். 57ஐயும், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் தந்த 1972 அரசியலமைப்பையும் தெரிந்துகொள்ளாமல் திறந்தால், அந்த நூலின் கோபம் எத்தனை பேர்மீது என்றே பிடிபடாது.