‘மூற்’: இரண்டு நாட்டில் இரண்டு பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைக் கையாளுவது எப்படி?

எம், இரண்டு ஓ, கடைசியில் ரி. நாலே எழுத்துத்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் முதலாம் வருடத்திலேயே இந்தச் சொல்லைச் சந்திப்பார்கள். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர்களின் கண்ணிலும் பட்டிருக்கும். அகராதியைத் திறந்தால் ஒன்றோடொன்று முரண்படுகிற விளக்கங்கள் வரும், அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. கீழே உள்ள ஒழுங்கில் போனால் இந்தச் சொல் பிடிபடும். வேறு அரிய சொற்களுக்கும் இதே ஒழுங்கு உதவும்.

1. சொல்லை அல்ல, வசனத்தை எழுதுங்கள்

சொல் வந்த வசனம் முழுவதையும் கொப்பியில் எழுதுங்கள். அதன் கீழே இரண்டு விபரம் வேண்டும்: எழுதியவர் எந்த நாட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார், அது சட்டமா, செய்தியா, சாதாரணப் பேச்சா. இந்தச் சொல்லில் நாடு மாறினால் பொருளே மாறிவிடும். அதனால் இந்த இரண்டு விபரமும் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. உச்சரிப்பு

மனநிலையைக் குறிக்கிற ‘மூட்’ வேறு, இது வேறு. கிறிக்கெற், மாக்கெற் என்று எழுதுகிற யாழ்ப்பாண வழக்கம் இங்கே கைகொடுக்கிறது, ‘மூற்’ என்று எழுதினால் இரண்டும் குழம்பாது. தொலைபேசியில் சத்தத்தை நிறுத்துகிற ‘மியூற்’ மூன்றாவது சொல். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே ‘மியூற் பொயின்ற்’ என்று சொல்லிவிடுவதுண்டு, அது பிழை.

3. வசனத்தில் என்ன வேலை செய்கிறது?

இந்தச் சொல் பெயராக, பெயரடையாக, வினையாக மூன்று விதமாக வரும். பெயரடையை ஐந்தாம் படியிலும் வினையை ஆறாம் படியிலும் பார்ப்போம்.

பெயராக வந்தால் பெரும்பாலும் சட்ட மாணவர் நடத்துகிற வாதப் போட்டி. ‘மூற் கோர்ட்’ என்பதும் அதுதான். இதைச் சாட்சிகளை விசாரிக்கிற ஒத்திகை வழக்கு விசாரணையோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். மூற்றில் சாட்சி கிடையாது. வழக்கின் சம்பவங்கள் எழுதித் தரப்பட்டிருக்கும், அவற்றை ஏற்றுக்கொண்டு மேன்முறையீட்டில் வாதாடுவதுபோலச் சட்டப் புள்ளிகளை மட்டும் வாதிடுவார்கள். தமிழில் ‘மாதிரி நீதிமன்ற வாதம்’ என்றால் போதும்.

4. அகராதியைத் தெரிவு செய்தல்

மொழிபெயர்ப்புச் செயலியில் தனிச்சொல்லைப் போடாதீர்கள். வசனம் தெரியாமல் அது ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லைத் தரும், எந்தப் பொருளைத் தந்தது என்று உங்களுக்கும் தெரியாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் அகராதிகள் மூன்றும் இன்ரநெற்றில் இலவசம். என் தெரிவு ஒக்ஸ்போர்ட். பிரித்தானிய, அமெரிக்க உச்சரிப்புகளைத் தனித்தனியே கேட்கலாம். வட அமெரிக்க வழக்கு என்ற குறிப்பும் பொருளுக்கு முன்னால் இருக்கும். அமெரிக்கப் பொருளை ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் மெரியம்-வெப்ஸ்ரர்.

5. வழுக்குகிற இடம்: ‘மூற் பொயின்ற்’

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

பிரித்தானிய வழக்கில் ‘மூற் பொயின்ற்’ என்றால் இன்னும் முடிவாகாத, இரண்டு பக்கமும் பேச இடமுள்ள விடயம். யாழ்ப்பாணம் என்ற பெயர் யாழ்ப்பாடி கதையிலிருந்துதான் வந்ததா என்பது அப்படியானது. அமெரிக்க வழக்கில் அதே சொற்றொடர் இனிப் பேசிப் பயனில்லாத விடயத்தைக் குறிக்கும். வெங்காயத்துக்கு இன்றைக்கு இறைப்பதா, நாளைக்கு இறைப்பதா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டித் தறை நிறைந்துவிட்டால், அந்தக் கேள்வி அமெரிக்கப் பொருளில் ‘மூற்’. ஒன்று ‘பேச வேண்டியது’, மற்றது ‘பேசத் தேவையற்றது’. மாறி விளங்கினால் எழுதியவரின் கருத்தே தலைகீழாகும்.

ஏன் இப்படி? பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் மக்கள் கூடுகிற சபையைக் குறித்தது. சந்திப்பதைக் குறிக்கிற ‘மீற்’ இதற்கு உறவு. சபையில் பேசப்படுவது விவாதத்துக்குரியது, இதுதான் பிரித்தானியப் பொருளின் வேர். பிறகு லண்டன் சட்டக் கழகங்களில் மாணவர் பழகுவதற்காகக் கற்பனை வழக்குகளை வாதாடினார்கள், அவையும் மூற். கற்பனை வழக்கில் யார் வென்றாலும் எவருக்கும் ஒன்றும் மாறாது. அந்த ‘ஒன்றும் மாறாது’ என்ற பக்கத்தை அமெரிக்கச் சட்டம் எடுத்துக்கொண்டது.

1974இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த டெஃபூனிஸ் எதிர் ஒடெகார்ட் வழக்கைப் பாருங்கள். சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்ற உத்தரவால் படிப்பு தொடங்கியது. வழக்கு உச்சிக்கு வந்தபோது அவர் கடைசித் தவணையில் இருந்தார். தீர்ப்பு எதுவானாலும் அவர் படித்து முடிப்பார் என்பதால், வழக்கு ‘மூற்’ என்று சொல்லி நீதிமன்றம் விடயத்துக்குள் போகவில்லை.

இனி, எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க அக்கம்பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். பின்னால் ‘வெதர்’ (காலநிலை அல்ல, ‘அப்படியா இல்லையா’ என்று கேட்கிற சொல்) வந்தால் பெரும்பாலும் பிரித்தானியப் பொருள். ‘ரென்டர்ட் மூற்’, ‘பிகேம் மூற்’, ‘நவ் மூற்’ என்று வந்தால் அமெரிக்கப் பொருள். அமெரிக்கப் பொருள் இப்போது பிரித்தானியாவிலும் புழங்குகிறது, அதனால் எழுதியவரின் நாட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

6. வினை: ‘மூற்றட்’

எங்கள் பிராந்தியப் பத்திரிகைகளில் அதிகம் வருவது இதுதான். ஒரு யோசனையை முதன்முதலாகப் பேச்சுக்கு எடுத்தல் என்று பொருள். இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் பாலம் ‘மூற்றட்’ என்றால் அப்படியொரு யோசனை எழுந்தது, அவ்வளவுதான். ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று மொழிபெயர்த்தால் செய்தியே பொய்யாகிவிடும். ‘பிரேரிக்கப்பட்டது’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை, சபையில் முறைப்படி பிரேரணை கொண்டுவந்தது போலத் தொனிக்கும். ‘யோசனை முன்வைக்கப்பட்டது’ என்பதே சரி.

அமெரிக்கச் சட்ட எழுத்தில் மட்டும் கவனம். இணக்கத் தீர்வு ஒன்று மேன்முறையீட்டை ‘மூற்றட்’ என்றால், மேன்முறையீட்டை அர்த்தமற்றதாக்கிவிட்டது என்று பொருள்.

7. எழுதுவதற்கு முன் சரிபார்த்தல்

கூகிளில் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு ‘சைற்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி, அதை ஒட்டியே புள்ளி, எல், கே. இடையில் வெளி விட்டால் வேலை செய்யாது. இலங்கைத் தளங்களின் வசனங்கள் மட்டும் வரும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க குளோவ்பி (GloWbE) என்ற சொற்றொகுதி இருக்கிறது. 20 நாடுகளின் இணைய ஆங்கிலம், ஏறத்தாழ 190 கோடிச் சொற்கள், இலங்கைக்குத் தனி நிரலும் உண்டு. பதிவு செய்தால் அளவான தேடல் இலவசம்.

தமிழ்ச் சொல் ஒன்றைத் தெரிவு செய்தபின் அதை வின்சுலோ அகராதியில் திருப்பிப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மிஷனரிமாரின் உழைப்பில் தொடங்கி 1862இல் சென்னையில் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதி அது. சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். சொல் பழசானாலும் பொருள் எல்லை எங்கே நிற்கிறது என்று காட்டும்.

பின்சேர்க்கை

பரீட்சையில் எந்தப் பொருளை எழுதுவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வசனம் தந்திருந்தால் ஐந்தாம் படியில் சொன்ன அடையாளங்களை வைத்து முடிவெடுங்கள். வசனம் தராமல் பொருள் மட்டும் கேட்டால் ‘விவாதத்துக்குரிய’ என்று எழுதுங்கள், இலங்கைப் பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுகிறது. நீங்களே கட்டுரை எழுதும்போது, வாசிப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாவிட்டால் இந்தச் சொல்லைப் போட வேண்டாம். ‘டிபேற்றபிள்’ அல்லது ‘இர்ரெலெவன்ற்’ என்று நேராகவே எழுதுங்கள்.