தெர்மோஸ்டாட் திரை அணைந்துவிட்டால்

கனடாவின் டொரன்டோ வட்டாரத்தில் ஸ்காபரோ, மார்க்கம் போன்ற இடங்களில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள், குளிர்காலத்தில் வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவியான தெர்மோஸ்டாட்டின் திரை வெறுமையானவுடன் அந்தக் கருவியே பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கிவிட வேண்டாம். பெரும்பாலும் தடை இருப்பது அதற்கு மின்சாரம் வந்துசேரும் வழியில்தான்.

பேட்டரியில் இயங்கும் வகையென்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பலனில்லாவிட்டால், வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸ் இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கான 24 வோல்ட் மின்சாரம் ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதால், ஃபர்னஸுக்கு மின்சாரம் நின்றால் சுவரிலுள்ள திரையும் அணையும். ஃபர்னஸுக்கு அருகிலோ பேஸ்மென்ட் படிக்கட்டுப் பக்கத்திலோ விளக்கு ஸ்விட்ச் போலவே ஒரு ஸ்விட்ச் இருக்கும். பிள்ளைகளோ விருந்தினரோ விளக்கென்று நினைத்து அதை அணைத்துவிடுவது உண்டு. பிறகு, கோளாறு நேர்ந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்சுகள் உள்ள பிரேக்கர் பெட்டியைப் பாருங்கள். விழுந்திருக்கும் பிரேக்கரை முழுவதும் அணைத்துவிட்டு ஒருமுறை போடலாம். மறுபடியும் விழுந்தால் விட்டுவிடுங்கள், அது மின் பணியாளரின் வேலை.

ஃபர்னஸின் காற்று ஃபில்டரை மாற்றிய கையோடு திரை அணைந்திருந்தால், ஃபர்னஸின் கதவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு சிறிய பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது. கதவு அதை நன்றாக அழுத்தினால்தான் மின்சாரம் பாயும். கீழ் விளிம்பு சரியாகப் பொருந்தாமல் நூலளவு விலகி நின்றாலும் போதும், ஃபர்னஸும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தே நின்றுவிடும். கதவைக் கழற்றி, கீழ்ப்பக்கத்தை முதலில் பொருத்தி, மேல்பக்கத்தை அழுத்தி மூடுங்கள். அந்த ஸ்விட்சை டேப் ஒட்டி அழுத்திவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கதவு திறந்தபடி ஃபர்னஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் பரவ வாய்ப்புண்டு.

வைஃபை தெர்மோஸ்டாட்டின் திரை அடிக்கடி அணைந்து எரிந்தால், 'சி' என்று குறித்த முனையில் கம்பி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதபோது கருவிக்குத் தொடர்ச்சியான மின்சாரம் கிடைக்காமல் போகலாம். கம்பிகளைத் தொடுமுன் ஃபர்னஸ் ஸ்விட்சை அணைப்பது அவசியம். மின்சாரம் கொண்டுவரும் 'ஆர்' கம்பியும் 'சி' கம்பியும் ஒரு கணம் உரசினாலும், ஃபர்னஸின் கண்ட்ரோல் போர்டிலுள்ள ஃப்யூஸ் போய்விடக்கூடும்.

சுவரோரம் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள அபார்ட்மென்டுகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே பெரும்பாலும் 240 வோல்ட் ஓடுவதால், மூடியைக்கூடத் திறக்காதீர்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வெப்பம் தருவது அவருடைய கடமை. டொரன்டோ நகரில் அவர் அசட்டையாக இருந்தால் நகராட்சியின் 311 எண்ணில் முறையிடலாம். எரிவாயு மணம் வந்தாலோ, எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்தே 911ஐ அழையுங்கள்.